மாஹேக்குப் போன பதிவுத் தபால்

புதுச்சேரி அரசில் வேலை பார்த்தவர்களுக்கு மாஹே மாற்றல், ஏனாம் மாற்றல் எல்லாம் பழகிப்போன விஷயம். அப்படி மாஹேயில் சில வருஷம் இருந்து ஓய்வுபெற்று, சுண்ணாம்பாற்றங்கரையில் நோணாங்குப்பத்தில் குடியிருக்கும் ஒருவர், பழைய அலுவலகத்துக்குப் பணிச்சான்று கேட்டு ஒரு பதிவுத் தபால் அனுப்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். காலம் 2025-இன் நடுப்பகுதி. டிசிஎஸ் ஒருங்கிணைத்து, சாப் மென்பொருளின் மேல் நின்ற பழைய அமைப்பைக் கைவிட்டு, மைசூரில் உள்ள தன் சொந்தத் தொழில்நுட்ப மையம் உருவாக்கிய ஏபிடி என்ற புதிய தளத்துக்கு அஞ்சல் துறை மாறிக்கொண்டிருந்த மாதங்கள் அவை. மே, ஜூனில் கர்நாடக அஞ்சல் வட்டத்தில் முன்னோட்டம். பிறகு மற்ற வட்டங்கள் ஒன்றன்பின் ஒன்றாக. ஆகஸ்ட் 4-இல் 23 வட்டங்களும் மாறி முடிந்தன. 1.70 லட்சத்துக்கும் மேற்பட்ட அலுவலகங்கள்.

இந்தத் தபால் தப்பில்லாமல் போய்ச் சேர்ந்ததா என்பதுதான் அந்த மாற்றத்துக்கே சோதனை என்பது என் எண்ணம். ஏன் என்று சொல்கிறேன்.

கவுண்டரில் ஒட்டுகிற பார்கோடு சீட்டில் பதின்மூன்று குறிகள் இருக்கும். முன்னால் இரண்டு எழுத்து, நடுவில் ஒன்பது இலக்கம், கடைசியில் ‘ஐஎன்’ என்று நாட்டுக் குறி. இது உலக அஞ்சல் ஒன்றியம் வகுத்த முறை. ஒன்பது இலக்கத்தில் எட்டுதான் உண்மையான எண், ஒன்பதாவது காவல்காரன். எட்டு இலக்கங்களையும் முறையே 8, 6, 4, 2, 3, 5, 9, 7 ஆல் பெருக்கிக் கூட்ட வேண்டும். எண் 12345678 என்றால் கூட்டுத்தொகை 204. அதைப் பதினொன்றால் வகுத்தால் மீதி 6. பதினொன்றில் ஆறு போக 5. ஆகவே முழு எண் 123456785. கவுண்டரில் இருப்பவர் அவசரத்தில் ஐந்தையும் ஆறையும் இடம் மாற்றித் தட்டிவிட்டால் கூட்டுத்தொகை 202 ஆகிறது. அதற்குக் கடைசி இலக்கம் 7 வரவேண்டும், வந்திருப்பதோ 5. இயந்திரம் அந்த இடத்திலேயே மறுத்துவிடும்.

மறுக்கவேண்டும். புதிய தளத்தைத் திறந்த காலையில் சரியான எண்ணை ஒருமுறை ஸ்கேன் செய்து ‘எடுத்துக்கொண்டது’ என்று சந்தோஷப்படுவது பாதி வேலைதான். தப்பான எண்ணைக் கொடுத்து அது தள்ளிவிடுகிறதா என்று பார்ப்பது மீதிப் பாதி. ஸ்மோக் டெஸ்ட் என்று மென்பொருள்காரர்கள் சொல்லும் முதல்நாள் சோதனை எப்போதும் சின்னதுதான். எல்லாவற்றையும் அலசுவது அதன் வேலை இல்லை. நின்றுபோனால் தொழிலே நின்றுவிடும் என்கிற நாலைந்து காரியங்களை மட்டும், தொடக்கம் முதல் கடைசிவரை ஒருமுறை ஓட்டிப் பார்ப்பது. அஞ்சலகத்தில் அவை: தபாலைப் பதிவது, பையில் கட்டுவது, பையைப் பிரிப்பது, பட்டுவாடா, சாயங்காலம் பணத்தை எண்ணிக் கணக்கை மூடுவது.

நம் தபாலுக்கு வருவோம். ஓர் அலுவலகம் மாறுவதற்கு முன்பு ‘பரிவர்த்தனை இல்லா நாள்’ என்று அறிவித்துக் கவுண்டரை மூடினார்கள். தில்லியில் அது ஆகஸ்ட் 2-ஆம் தேதி. கவுண்டரை மூடலாம், சாலையை மூட முடியாது. முந்தின மாலை பழைய அமைப்பில் பதிவான தபால், மூடிய நாளில் ஏதோ ஒரு பைக்குள், ஆர்.எம்.எஸ். என்கிற ஏதோ ஒரு ரயில்வே தபால் பிரிப்பு அறையில் இருக்கும். பழைய கணினியில் பிறந்து புதிய கணினியில் போய்ச் சேரவேண்டிய தபால் அது. புதிதாகப் பதிவான தபாலை வைத்துச் சோதித்தால் எல்லாம் பச்சையாகத்தான் தெரியும், ஏனென்றால் அதன் வாழ்க்கை முழுக்கப் புதிய தளத்துக்குள்ளேயே நடக்கிறது. நடுவழியில் மாட்டிக்கொண்ட தபால்தான் இரண்டு வீட்டையும் பார்த்தது. அதன் எண் புதிய பட்டியலில் இருக்கிறதா, பதிவான தேதி பழைய தேதியாகவே இருக்கிறதா, கட்டிய தொகை கூடவே வந்ததா என்பதை முதலில் பார்க்கவேண்டும்.

புதுச்சேரிக்கு இதில் இன்னொரு சிக்கல் உண்டு. ஒரே யூனியன் பிரதேசம், ஒரே தலைமைச் செயலகம். ஆனால் தபால் வரைபடத்தில் மூன்று துண்டு. புதுச்சேரியும் காரைக்காலும் தமிழ்நாடு வட்டம். மாஹே, 673310, கேரள வட்டம். ஏனாம், 533464, ஆந்திர வட்டம். வட்டம் வட்டமாக மாறுகிற ஒரு திட்டத்தில், நோணாங்குப்பத்திலிருந்து மாஹேக்குப் போகிற கடிதம் மாறிவிட்ட வட்டத்திலிருந்து மாறாத வட்டத்துக்கோ, திரும்பி எதிர்ப்பக்கமோ போகக்கூடும். இரண்டு தளமும் அந்தச் சில வாரங்களுக்கு ஒன்றோடொன்று பேசித்தான் ஆகவேண்டும். போதாததற்கு முகவரி. ஊர் பெயர் 2006-இல் ‘பாண்டிச்சேரி’யிலிருந்து ‘புதுச்சேரி’ ஆனது. மக்கள் இன்றும் இரண்டையும் எழுதுகிறார்கள். இரண்டில் எதை எழுதிய உறையும் ஒரே பைக்குள் விழவேண்டும். இந்த ஊருக்கென்று சோதனைப் பட்டியல் எழுதுகிறவர் சென்னைக்கு ஒரு தபால் அனுப்பிவிட்டு முடிந்தது என்று எழுந்துவிடக் கூடாது.

உள்ளூர்ச் சோதனையில் தேறியது மொத்தத்துக்கும் தேறியதாகாது என்பதற்கு பிரிட்டனில் பெரிய விலை கொடுத்தார்கள். 2018 ஏப்ரலில் ஒரு வாரக்கடைசியில் டிஎஸ்பி வங்கி ஐம்பது லட்சத்துக்கு மேற்பட்ட வாடிக்கையாளர்களை லாயிட்ஸ் வங்கியின் தளத்திலிருந்து தன் ஸ்பானிய முதலாளியான சபடெல் வங்கியின் தளத்துக்கு மாற்றியது. கணக்குகள் ஒழுங்காகவே வந்து சேர்ந்தன. ஆனால் மக்கள் உள்ளே நுழைய முடியவில்லை. சுமார் பத்தொன்பது லட்சம் பேர் வெளியே நின்றார்கள். பின்னால் நடந்த விசாரணையில் வெளிவந்த ஒரு விஷயத்தை என்னால் மறக்க முடியவில்லை: இரண்டு தரவு மையங்கள் சேர்ந்து வேலை செய்யவேண்டிய அமைப்பில், பளு தாங்கும் சோதனையை ஒன்றில் மட்டுமே நடத்தியிருந்தார்கள். இரண்டும் ஒரே மாதிரி இருக்கும் என்று நம்பிவிட்டார்கள், இருக்கவில்லை. 2022 டிசம்பரில் கட்டுப்பாட்டு அமைப்புகள் விதித்த அபராதம் 4.8 கோடி பவுண்டுக்கு மேல்.

ஏபிடி மாற்றத்தின் ஆரம்ப நாட்களிலும் பல ஊர்களில் சர்வர் திணறி, கவுண்டரில் வரிசை நீண்டதாகச் செய்திகள் வந்தன. ஆகஸ்ட் 9 ரக்‌ஷா பந்தன். வடக்கே ராக்கித் தபால் குவிகிற வாரம். பின்னர் ஒரே நாளில் 32 லட்சம் பதிவுகளையும் 37 லட்சம் பட்டுவாடாக்களையும் அந்த அமைப்பு தாங்கியதாகத் துறை அறிவித்தது. இந்த இரண்டையும் சேர்த்துத்தான் படிக்கவேண்டும். முதல்நாள் சோதனை ‘ஓடுகிறதா’ என்று கேட்கும். ‘கூட்டத்தில் ஓடுமா’ என்பது வேறு கேள்வி. புதுவீட்டில் பால் காய்ச்சினால் அடுப்பு எரிகிறது என்று தெரியும். கல்யாணக் கூட்டத்துக்கு அதில் சமைக்க முடியுமா என்று தெரியாது. முதல் கேள்விக்குப் பதில் வந்ததை வைத்து இரண்டாவதைத் தாண்டிப்போவதுதான் தவறு.

பதிவுத் தபாலைவிட நல்ல சாட்சி ஒன்று உண்டென்றால் அது வி.பி.பி. பார்சல். தமிழில் புத்தகம் வாங்கிப் பழகியவர்களுக்கு அது தெரியும். பொருள் ஒரு பக்கம் போகிறது, பணம் எதிர்ப்பக்கம் வருகிறது. மாஹேயில் வாங்கிய பணம் நோணாங்குப்பத்து அனுப்புநரின் கைக்கு வந்தால், இரண்டு அலுவலகத்தின் சாயங்காலக் கணக்கும் பைசா பிசகாமல் மூடினால், புதிய தளம் வேலை செய்கிறது என்று ஒப்புக்கொள்ளலாம்.

இந்த ஊருக்கு இப்படிப்பட்ட மாற்றம் புதிதும் இல்லை. 1954 நவம்பர் 1 அன்று நிர்வாகம் பிரெஞ்சுக்காரர்களிடமிருந்து இந்தியாவிடம் வந்தது. ‘பணம்’, ‘காசு’ என்ற நாணயக் கணக்கில் விலையிட்ட பிரெஞ்சிந்தியத் தபால்தலைகளின் காலம் முடிந்தது. அணாத் தலைகள் வந்தன. அக்டோபர் 31 சாயங்காலம் பெட்டியில் விழுந்த கடிதம் இருந்திருந்தால், பழைய தலையோடு அதைக் கொண்டுபோய்ச் சேர்க்கும் பொறுப்பு புதிய நிர்வாகத்துடையது. தலை செல்லாது என்பதற்காகக் கடிதம் செல்லாமல் போய்விடாது.

கடைசியாக, போய்ச் சேராத தபால். மாஹே அலுவலகத்தில் தபாலை வாங்கவேண்டிய அதிகாரி மாற்றலாகிப் போய்விட்டார், அல்லது தபால் ஒரு வீட்டு முகவரிக்கு, அங்கே கதவு பூட்டியிருக்கிறது என்று கொள்வோம். தபால்காரர் அறிவிப்புச் சீட்டு வைக்கிறார். தபால் சில நாள் அலுவலகத்தில் காத்திருக்கும். யாரும் வராவிட்டால் அனுப்பியவருக்கே திரும்பும். அந்தக் காத்திருப்பின் மூன்றாம் நாளில் கணினி மாறுகிறது. புதிய தளம் அடுத்த நாளை நான்காம் நாளாக எண்ணவேண்டும். ஒன்று என்று முதலிலிருந்து எண்ணினால் தபால் தேவையில்லாமல் தூங்கும்; தேதி வராமல் வெற்றிடமாக வந்தால், யார் கண்ணிலும் படாமல் அலமாரியிலேயே கிடக்கும். ஆகவே சோதனைப் பட்டியலில் வேண்டுமென்றே பூட்டிய வீட்டு முகவரி எழுதிய ஒரு தபாலையும், மாறும் நாளுக்கு முன்பே அனுப்பி, சேர்த்து வைக்கவேண்டும். அது திரும்பி வந்த பிறகுதான் பழைய அமைப்பின் மின்சாரத்தை நிறுத்தலாம்.