1.3-இல் தங்கியவர்கள்

அப்பாச்சி வெப் சர்வரின் 2.0 பதிப்பு பொதுப் பயன்பாட்டுக்குத் தயார் என்று 2002 ஏப்ரலில் அறிவிப்பு வந்தது. அதற்கு முந்தைய 1.3 வரிசையின் கடைசி வெளியீடான 1.3.42 வந்தது 2010 பிப்ரவரியில். புதியது வந்து ஏறத்தாழ எட்டு ஆண்டுகள் பழையதும் உயிரோடிருந்திருக்கிறது. 1996 ஏப்ரலிலேயே நெட்கிராஃப்ட் கணக்கெடுப்பில் முதலிடத்தைப் பிடித்துவிட்ட சர்வர் இது. ஏதோ மூலையில் கிடந்த மென்பொருள் அல்ல. இந்தத் தாமதத்துக்குச் சோம்பலைக் காரணம் சொல்வது வழக்கம். ஓடுகிற வரை ஓடட்டும் என்று அட்மின்கள் விட்டுவிட்டார்களாம். அப்படியும் சிலர் இருந்திருப்பார்கள். ஆனால் அந்த ஆண்டுகளில் எது எப்போது தயாரானது என்று வரிசைப்படுத்திப் பார்த்தால், காத்திருந்தவர்கள் கணக்குப் போட்டே காத்திருந்தார்கள் என்றும் அந்தக் கணக்கு பெரும்பாலும் சரி என்றும் தெரிகிறது. சர்வரை மாற்றும் நாளை அதை எழுதியவர்கள் குறிப்பதில்லை. அதன்மேல் ஏறி உட்கார்ந்திருப்பவற்றில் எது கடைசியாகத் தயாராகிறதோ, அதுவே குறிக்கிறது.

யூனிக்ஸில் 1.3 வேலை செய்த விதம் எளிமையானது. ஒரு தாய் ப்ராசஸ், அது முன்கூட்டியே பெற்றுவைத்த பல குட்டி ப்ராசஸ்கள். ஒவ்வொரு குட்டியும் ஒரு நேரத்தில் ஒரு இணைப்பை மட்டும் கவனிக்கும். நினைவகத்தை நிறையத் தின்னும் முறைதான். ஆனால் ஒரு குட்டி செத்தால் மற்றவற்றுக்கு ஒன்றும் ஆகாது. 2.0-இல் இந்தப் பகுதியையே கழற்றி மாட்டும்படி செய்தார்கள். ‘ஒர்க்கர்’ என்ற முறையைத் தேர்ந்தெடுத்தால் ஒரே ப்ராசஸுக்குள் பல த்ரெட்கள் ஓடும். அதே நினைவகத்தில் கூடுதல் பேரைச் சமாளிக்கலாம். சிக்கலும் அங்கேதான் பிறந்தது. த்ரெட்கள் நினைவகத்தைப் பங்கிட்டுக்கொள்பவை. பிஎச்பியோ படம் வரைய ஒன்று, தரவுதளத்துக்கு ஒன்று என்று வெளியார் எழுதிய எத்தனையோ லைப்ரரிகளை ஒட்டவைத்து ஓடுவது. அவற்றில் எது த்ரெட்களைத் தாங்கும், எது இரண்டு த்ரெட்கள் ஒரே இடத்தில் எழுதியதும் கவிழும் என்று யாராலும் உறுதி சொல்ல முடியவில்லை. உண்மையான தளங்களில் இந்தச் சேர்க்கை வேண்டாம் என்று பிஎச்பி கையேடே எச்சரித்தது. பெர்ல் பக்கம் காத்திருப்பு இன்னும் நீளம்: பெர்லைச் சர்வருக்குள்ளேயே ஓட்டும் மாட்-பெர்ல் 2.0-க்காக முழுமையாக வெளிவந்தது 2005 மே மாதத்தில். 1.3-க்கு எழுதிய மாட்யூல்களை அப்படியே 2.0-இல் ஏற்றவும் முடியாது. நிரலையே திருத்த வேண்டும். கான்ஃபிகரேஷன் கோப்பிலும் ‘போர்ட்’, ‘பைண்ட்அட்ரஸ்’, ‘சர்வர்டைப்’ என்ற கட்டளைகள் நீக்கப்பட்டிருந்தன. பழைய கோப்பை நகலெடுத்து வைத்தால் சர்வர் எழும்பவே எழும்பாது. கோப்பை ஒரு மாலையில் திருத்திவிடலாம். மாட்-பெர்லை அப்படி முடிக்க முடியாது.

அவசரப்பட்டு மாறியவர்களுக்குக் கிடைத்தது என்ன? ‘ப்ரீஃபோர்க்’ என்ற பெயரில் பழைய குட்டி ப்ராசஸ் முறையும் 2.0-க்குள்ளேயே இருந்தது. பிஎச்பி ஓட்டியவர்களுக்குப் பாதுகாப்பான வழி அதுதான். அதாவது, புதிய பதிப்புக்குப் போய், அதன் முக்கியமான ஆதாயத்தை அணைத்துவைத்துவிட்டு, பழையபடியே ஓட்டினார்கள்.

பழைய பதிப்பில் இருப்பது பாதுகாப்பு ஆபத்து இல்லையா என்பது முதல் ஆட்சேபம். 2002 ஜூன் மாதம் இதற்கு நேரான சோதனையாக அமைந்தது. கோரிக்கையைத் துண்டு துண்டாக அனுப்பும் முறையைக் கையாளும் நிரலில் ஒரு பெரிய ஓட்டை வெளிப்பட்டது, அது 1.3, 2.0 இரண்டிலும் இருந்தது. திருத்தப்பட்ட 1.3.26, 2.0.39 இரண்டும் ஒன்றாகவே வெளிவந்தன. அன்று பிழைத்தவர் புதிய பதிப்பில் இருந்தவர் அல்ல, உடனே திருத்தத்தைப் போட்டவர். திருத்தம் போடுவதும் பதிப்பு மாறுவதும் வேறு வேறு வேலைகள். இரண்டையும் ‘அப்டேட்’ என்ற ஒரே மூட்டையில் கட்டுவதால்தான் முன்னதைத் தள்ளிப்போடும் ஆளும் பின்னதற்கு அவசரப்படும் ஆளும் ஒரே அலுவலகத்தில் அகப்படுகிறார்கள்.

அப்படியானால் திருத்தம் வந்துகொண்டிருக்கும் வரை காலமெல்லாம் காத்திருக்கலாமே என்றால், அதற்கு ஓப்பன்பிஎஸ்டி ஒரு பதில். 2004-இல் அப்பாச்சியின் உரிமம் மாறியதை ஏற்காமல் அவர்கள் 1.3.29-இலேயே நின்றார்கள், தாங்களே திருத்தி, 2014 வரை தங்கள் இயங்குதளத்துடன் கொடுத்தார்கள். ஆனால் அவர்கள் கையில் நிரலாளர்கள் இருந்தார்கள். மற்றவர்களுக்கு 2010 பிப்ரவரிதான் கெடு. அதற்குள் 2.2 வந்து நான்கு ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருந்ததால், பொறுத்திருந்தவர் 2.0-ஐத் தாண்டியே போக முடிந்தது. மேக் ஓஎஸ் எக்ஸ் அதைத்தான் செய்தது: 2007 அக்டோபரில் வந்த 10.5-இல், 1.3-இலிருந்து நேரே 2.2. எல்லோரும் இப்படிக் காத்திருந்தால் புதியதன் பிழைகளை யார் கண்டுபிடிப்பது என்ற கேள்வி நியாயமானதே. ரெட் ஹாட் 2002 செப்டம்பரிலேயே தன் 8.0-இல் 2.0-ஐச் சேர்த்தது. பிழை கண்டால் திருத்த அதனிடம் ஆட்கள் இருந்தார்கள். ஆள் இல்லாத சிறு நிறுவனம் அந்தக் கடமையைத் தலையில் ஏற்றிக்கொள்ளத் தேவையில்லை.

பிறகு அப்பாச்சியின் ஜாவா சர்வரான டாம்கேட்டிலும் இதுவே நடந்தது. ஜாவா இஇ எக்லிப்ஸ் அறக்கட்டளைக்குக் கைமாறிய பிறகு, ‘ஜாவாக்ஸ்’ என்ற பெயரில் தொடங்கிய பேக்கேஜ்களை மேற்கொண்டு வளர்க்க ஆரக்கிளுடன் உடன்பாடு எட்டவில்லை. அவை ‘ஜகார்த்தா’ என்று மாறின. டாம்கேட் 10 அந்தப் பெயரோடு வந்தது. பழைய பயன்பாடுகளில் இம்போர்ட் வரிகளையெல்லாம் மாற்ற வேண்டியதாயிற்று. நிரலில் தேடி மாற்றிவிடலாம். ஆனால் ஸ்பிரிங் என்ற ஃப்ரேம்வொர்க் மாறாமல் அதன்மேல் கட்டியது எதுவும் மாற முடியாது. ஸ்பிரிங் 6 வந்தது 2022 நவம்பரில். டாம்கேட் 10.0-க்கான ஆதரவு அதற்கு முந்தைய மாதமே முடிந்திருந்தது. அப்போது 10.1 தயாராக இருந்தது, 9-க்கும் திருத்தங்கள் வந்துகொண்டிருந்தன.