மறுகட்டமைப்பும் ஒட்டும்: மென்பொருள் பொதிச் சோதனை வரலாறு

மாறியதை மட்டும் மீண்டும் கட்டமைத்தால் போதும் என்னும் சிந்தனை மென்பொருள் உருவாக்கத்தில் பழைமையானது. 1976இல் பெல் ஆய்வகத்தில் ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன் உருவாக்கிய 'மேக்' என்னும் நிரல், கோப்புகள் மாறிய நேரத்தை ஒப்பிட்டுப் பழையனவற்றை மட்டும் மறுகட்டமைத்தது. நேரத்தையே சான்றாகக் கொண்டமையால், கட்டமைப்புக் கட்டளை மாறியதை அது அறியவில்லை.

எல்கோ டோல்ஸ்ட்ரா உட்ரெக்ட் பல்கலைக்கழகத்தில் 2006இல் அளித்த முனைவர் பட்ட ஆய்வேட்டில் விளக்கிய 'நிக்ஸ்' முறை இக்குறையைக் களைந்தது. இதில் ஒவ்வொரு பொதியின் இருப்பிடப் பெயரிலும், அதன் உள்ளீடுகள் அனைத்திலிருந்தும் கணக்கிடப்பட்ட 32 குறிகள் இடம்பெறும். ஆகவே அடிப்படை நிரலகத்தில் ஒரு வரி மாறினாலும், அதனைச் சார்ந்த பொதிகள் யாவும் புதுப்பெயர் பெற்று மறுகட்டமைப்புக்கு உள்ளாகும். நம்பகம் கூடியது, திருத்தத்தின் விரைவு குறைந்தது.

2014இல் ஓப்பன்எஸ்எஸ்எல் நிரலகத்தில் வெளிப்பட்ட 'ஹார்ட்பிளீட்' போன்ற பாதுகாப்புப் பிழைகள் காத்திருக்க இடந்தருவதில்லை. நிக்ஸின் கருத்துகளைத் தழுவிய 'குனு கீக்ஸ்' இச்சிக்கலுக்கு 'ஒட்டு' முறையைக் கையாண்டது. திருத்திய நிரலகம் மட்டும் கட்டமைக்கப்படும். சார்ந்த பொதிகளின் படிகளில் பழைய இருப்பிடப் பெயர், அதே நீளமுள்ள புதிய பெயரால் மாற்றப்படும். பயனர் தம் மாற்றங்களைச் சோதிப்பதற்கும் இம்முறை கட்டளைத் தெரிவாக அமைந்தது.

எனினும் பழைய, புதிய நிரலகங்களின் இரும இடைமுகம் ஒத்திருந்தால் மட்டுமே ஒட்டு பொருந்தும். கட்டமைப்பின்போதே சார்ந்த நிரலுக்குள் படிந்துவிட்ட பழைய பகுதிகளை அது தொடுவதில்லை. எனவே ஒட்டுச் சோதனையின் வெற்றி, இயக்கத்திற்கான சான்றேயன்றி மறுகட்டமைப்புக்கான சான்றன்று. ஒட்டு ஈட்டித்தருவது கால அவகாசம் மட்டுமே.