கான்யோன், இஸ்தான்புல்
இஸ்தான்புல்லின் லெவென்ட் வணிகப் பகுதியில் 2006-இல் திறக்கப்பட்ட கடைத்தொகுதி. அமெரிக்காவின் ஜெர்டி நிறுவனமும் துருக்கியின் தபன்லியோலு நிறுவனமும் இணைந்து வடிவமைத்தன. அலுவலகக் கோபுரம், குடியிருப்புகள், திரையரங்குகளும் உண்டு. மெட்ரோ நிலையத்தோடு நேரடி இணைப்பும் இருக்கிறது.

இதன் உயிர் நடுவிலுள்ள பாதையில்தான். மலையிடுக்கில் ஆறு வளைவதுபோல் அது நெளிந்து செல்ல, இருபுறமும் கடைகள் நான்கு தளங்களில் அடுக்கப்பட்டுள்ளன. மேலே கூரை இல்லை. மழையும் காற்றும் மாடங்கள்வரை வரும். மாறாக, இதே நகரில் 2005-இல் திறக்கப்பட்ட ஜெவாஹிர் கடைத்தொகுதி கண்ணாடிக் கூரைக்குள் அடங்கியது. 15-ஆம் நூற்றாண்டில் தொடங்கிய மூடுசந்தையான கபாலி சார்ஷியும் வளைவுக் கூரைகளின் கீழ் இயங்குவது.

கான்யோன் அச்சந்தையின் அலங்காரத்தை நகலெடுக்கவில்லை. பழைய நகரின் மதில்களிலிருந்து விலகி, பொற்கொம்பு நீர்முகத்துக்கு வடக்கே அமைந்ததால் அப்படி நகலெடுக்கத் தேவையும் இருக்கவில்லை. திறந்த வெளியில் நடந்தபடியே கடை பார்க்கும் தெருவின் இயல்பை மீட்டதே இதன் பெரும் சிறப்பு.