பத்தொன்பது வயது விமானி

சிங்காரப்பேட்டையில் உறவினர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்தேன். எட்டாவது படிக்கும் பையன், ஐரோப்பாவில் சண்டையிட்ட அமெரிக்க விமானிகளின் படங்களை ஒட்டிய நோட்டைக் காட்டினான்.

"நம்ம நாட்டு ஆளு ஒருத்தரும் இல்லையா, மாமா?"

1767-இல் ஹைதர் அலி போரிட்ட செங்கம் கணவாய்ப் பக்கத்துப் பிள்ளை, ரோஷம் இருக்காதா? இந்திர லால் ராயின் கதையைச் சொன்னேன்.

1898-இல் கல்கத்தாவில் பிறந்து, லண்டனில் படித்தவன். முதல் உலக யுத்தத்தில் விமானப் படையில் சேரப் போனான். கண்பார்வை போதாதென்று தள்ளினார்கள். மோட்டார் சைக்கிளை விற்று, பெரிய கண் வைத்தியரிடம் காட்டி, சாதகமான அபிப்பிராயம் வாங்கி வந்தானாம். 1917-இல் சேர்த்துக் கொண்டார்கள். பிரான்சில் விமானம் நொறுங்கி விழுந்தது. இறந்தான் என்று பிணவறையில் கிடத்த, விழித்து உள்ளிருந்து கதவைத் தட்டினானாம். நாவலில் நான் இப்படி எழுதினால் பத்திரிகாசிரியர் வெட்டிவிடுவார்.

பறக்கத் தகுதியில்லை என்றார்கள். மன்றாடித் திரும்பினான். 1918 ஜூலையில், இரண்டே வாரத்துக்குள், 10 வெற்றிகள். சிலவற்றில் சகாக்களுக்கும் பங்குண்டு. 22-ஆம் தேதி ஜெர்மானிய ஃபோக்கர் விமானங்களோடு பொருதி, கார்வின் அருகே விழுந்தான். டிஸ்டிங்குயிஷ்ட் ஃப்ளையிங் கிராஸ் விருது செப்டம்பரில் வந்தது. வாங்கிக்கொள்ள அவன் இல்லை.

"வெள்ளைக்காரனுக்காகத்தானே மாமா செத்தாரு?"

சுருக்கென்றது. அடுத்த ஏப்ரலிலேயே ஜாலியன்வாலாபாக்கில் அதே சர்க்கார் நம்மவர்களைச் சுட்டது. என்ன சொல்வது? ஆனால் அந்த மோட்டார் சைக்கிளை விற்றவன், ராஜாவை நினைத்தா விற்றான்? ஆகாயத்தை நினைத்திருப்பான் என்றே எனக்குப் படுகிறது.

பையன் பதில் பேசவில்லை. நோட்டில் ஒரு பக்கத்தைக் காலியாக விட்டு, மேலே பெயரை மட்டும் எழுதினான். 1998-இல் நம் தபால் இலாகா ராய்க்குத் தபால்தலை வெளியிட்டது. தேடி அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறேன்.