உருகி காப்பது எதை?
1847இல் பிரெகே என்னும் பிரெஞ்சு அறிஞர், தந்தி நிலையங்களை மின்னலிலிருந்து காக்கக் கம்பித்தடத்தின் இடையே மெல்லிய கம்பியொன்றைச் சேர்க்கப் பரிந்துரைத்தார். மிகை மின்னோட்டம் பாய்ந்தால் அது உருகி அறும், கருவி தப்பும். ‘ஃபியூஸ்’ என்னும் சொல்லின் வேரும் உருகுதலே; தமிழின் ‘உருகி’ அப்பொருளை அப்படியே ஏந்துகிறது. எடிசன் 1890இல் உருகிக்குக் காப்புரிமை பெற்றார்.

1899 ஏப்ரல் 17 அன்று கல்கத்தாவின் இமாம்பாக் சந்தில் மின்நிலையம் இயங்கத் தொடங்கியது. பின்னர் இந்திய வீடுகளில் பீங்கான் பியூஸ் கட்டையும், அதனோடு இணைந்த இரும்புப் பெட்டி மெயின் சுவிட்சும் பரவின. மின்சாரத்தைத் துண்டித்த பிறகே கம்பியை மாற்றவேண்டும் என்பதே அவ்விணைப்பின் நோக்கம். அடிக்கடி உருகுகிறதென்று தடித்த செப்புக்கம்பியைக் கட்டியவர்கள் காவலையே அவிழ்த்துவிட்டார்கள்.

ஆயினும், சரியான உருகியும் கம்பியைத்தான் காக்கும், மனிதரை அன்று. உடல்வழிக் கசியும் சில பத்து மில்லியாம்பியர் உயிரைப் பறிக்கலாம். 5 ஆம்பியர் உருகிக்கு அது தெரிவதே இல்லை. 20ஆம் நூற்றாண்டில் வந்த கசிவுத் துண்டிப்பான், செல்லும் மின்னோட்டத்தையும் திரும்பும் மின்னோட்டத்தையும் ஒப்பிடுகிறது. 30 மில்லியாம்பியர் குறைந்தாலே இணைப்பை அறுக்கிறது. உருகி தன்னை அழித்துக்கொண்டு அறிவதை, இது அளந்து அறிகிறது.

உருகி மட்டுமே உள்ள பழைய வீட்டில் இன்றும் காவல் பெறுவது கம்பி மட்டுமே.