சேரி வாசலைக் கடந்த மருத்துவக் கல்வி

யங் இந்தியா இதழில் 1929ஆம் ஆண்டு வெளிவந்த ஒரு மடலை அண்ணல் அம்பேத்கர் தம் நினைவுக் குறிப்புகளில் எடுத்தாண்டுள்ளார். கத்தியவார்ப் பகுதியில், தீண்டப்படாதாராகக் கருதப்பட்ட ஆசிரியர் ஒருவரின் மனைவி, மகப்பேற்றுக்குப் பின் நோயுற்றார். மருத்துவர் சேரிக்குள் வர மறுத்தார்; நோயாளியை வெளியே கொண்டுவரச் செய்தார். வெப்பமானியை ஒரு முசுலிம் அன்பரிடம் அளித்தார். அவர் கணவரிடமும், கணவர் மனைவியிடமும் அளித்தனர். அது வந்த வழியே திரும்பிற்று. அத்தாய் பிழைக்கவில்லை. அம்மருத்துவர் நோயைக் கற்றிருந்தார்; மக்களைக் கற்கவில்லை.

இக்குறையைக் களையவே, 1946இல் போர் குழுவின் அறிக்கை, சமுதாய நோக்குடைய மருத்துவர்களை உருவாக்குமாறு வலியுறுத்தியது. 1978இல் அல்மா-ஆட்டா மாநாடு, மருத்துவர், செவிலியர், மகப்பேற்றுப் பணியாளர், சமுதாயப் பணியாளர் அனைவரும் ஓரணியாகப் பணிபுரியப் பயிற்சி பெறுதல் வேண்டுமென உலகிற்கு அறிவித்தது.

நம் தமிழகத்திலேயே இதற்கு நல்ல சான்று உண்டு. ஐடா ஸ்கடர் அம்மையார் 1900இல் ஒரே கட்டிலுடன் தொடங்கிய சிறு மருத்துவமனையே இன்றைய வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியாக வளர்ந்தது. அங்கு மருத்துவ மாணவரும் செவிலிய மாணவரும் பிற துறை மாணவரும் ஒரு சிற்றூரில் சில வாரங்கள் ஒன்றாகத் தங்கி, வீடுவீடாகச் சென்று மக்களின் வாழ்வை அறியும் பயிற்சி நடைபெற்று வருகிறது.

ஒன்றாகக் கற்பது ஏன்? பக்கவாதத்தால் படுக்கையில் விழுந்த ஒரு முதிய உழைப்பாளியை எண்ணிப் பாருங்கள். குருதி அழுத்தத்தைத் தணிப்பவர் மருத்துவர். படுக்கைப் புண் வாராமற் காப்பவர் செவிலியர். எழுந்து நடக்கச் செய்பவர் இயன்முறை மருத்துவர். ஒருவர் செய்வதை மற்றவர் அறியாவிடில் முதியவர் எழார். 2021இல் கிருட்டினகிரி மாவட்டத்தில் தொடங்கப்பெற்ற 'மக்களைத் தேடி மருத்துவம்' இவ்வுண்மையையே இல்லந்தோறும் கொண்டு சென்றது.

நம் சமவெளியில் சேலம் அரசு மருத்துவக் கல்லூரி 1986இலும், நாமக்கல் அரசு மருத்துவக் கல்லூரி 2022இலும் தோன்றின. மருத்துவ மாணவர் குடும்பங்களைத் தத்தெடுக்கும் திட்டமும் 2022 முதல் பாடத்திட்டத்தில் இடம்பெற்றுள்ளது. அவர்களோடு செவிலிய மாணவரும் மருந்தியல் மாணவரும் இணைந்து நம் தெருக்களுக்கு வருதல் வேண்டும் என்பதே நம் வேண்டுகோள்.

இளைஞர்காள்! மருத்துவர் பட்டம் ஒன்றே உயர்வென எண்ணற்க. செவிலியர், மருந்தாளுநர், இயன்முறை மருத்துவர் ஆகிய அனைத்துத் துறைகளிலும் நம்மவர் நுழைதல் வேண்டும். தெருக்குழாயில் நீர் வராத நாளையும், மழைநீர் வீட்டிற்குள் புகுந்த இரவையும் அறிந்தவர் நாம். அவ்வறிவை உடன்பயில்வோர்க்கு எடுத்துரைப்போம். அன்று கைமாறிக் கைமாறிச் சென்ற வெப்பமானியை, இனி நம் மக்களின் கைகளே நோயாளியின் அருகமர்ந்து ஏந்துவனவாகுக!