வற்றலும் ப்ரூனும்: ஒரு பள்ளத்தாக்கின் கதை

ஸான் ஹோஸே, ஸன்னிவேல், கூபர்டினோ வட்டாரத்தில் வடாம் இட இடம் தேடி அலையும் நம்மவர்களில் பலர் அறியாத செய்தி ஒன்று உண்டு. அவர்கள் குடியிருக்கும் ஸாண்டா க்ளாரா பள்ளத்தாக்கே ஒரு காலத்தில் பழம் காயப்போடும் பெரிய களமாக இருந்தது.

லூயி பெல்லியே என்னும் பிரெஞ்சுக்காரர் தங்கம் தேடிக் கலிபோர்னியா வந்து, பிறகு ஸான் ஹோஸேயில் நாற்றுப் பண்ணை வைத்தார். பிரான்ஸின் ஆஜான் பகுதிக்குரிய ப்ரூன் மரத்தின் கிளைகளை 1856இல் அவருடைய சகோதரர் பியேர் கொண்டுவந்தார். வழியில் கிளைகள் வாடாமலிருக்க உருளைக்கிழங்கில் செருகிக் கொண்டுவந்ததாகச் சொல்வது வழக்கம். அவற்றை இவ்வூர்க் காட்டு மரத்தில் ஒட்டுக்கட்டினார்கள். சில பத்தாண்டுகளில் பள்ளத்தாக்கு முழுவதும் ப்ரூன், ஏப்ரிகாட் தோப்புகளாயிற்று.

மே முதல் செப்டம்பர் வரை மழை அபூர்வம்; காற்றில் ஈரமும் குறைவு. ஆகவே பழங்களை மரத்தட்டுகளில் பரப்பி வெயிலிலேயே காயவிட்டார்கள். ப்ரூன் காய ஒரு வாரத்துக்கு மேலாகும். அதற்கு முன், காஸ்டிக் சோடா கரைத்த வெந்நீரில் பழத்தை ஒரு முக்கு முக்கி எடுப்பார்கள். தோலில் நுண்ணிய வெடிப்பு விழுந்து உள்ஈரம் வெளியேற வழி கிடைக்கும். நம் பாட்டிமார்கள் சுண்டைக்காயை நசுக்கியதும், மோர்மிளகாயைக் கீறியதும் இதற்குத்தான். தோல் மூடியிருந்தால் வெளியே காய்ந்தும் உள்ளே அழுகும். பாட்டிமாருக்கு ரசாயனம் தேவைப்படவில்லை. உப்பும் மோரும் போதுமாயிருந்தன.

1918 செப்டம்பரில் வானம் ஏமாற்றியது. பசிபிக் கடலிலிருந்து வந்த புயலின் எச்சம் பெருமழையாகக் கொட்ட, தட்டுகளில் கிடந்த ப்ரூன்கள் ஏராளமாக அழுகின. வெயிலை மட்டும் நம்பிய விவசாயிகள் அதன்பின் உலர்த்தும் இயந்திரத்தின் பக்கம் திரும்பினர். பெர்க்லி பல்கலைக்கழகத்தில் வில்லியம் க்ரூஸ் முதலானோர் அதை முறைப்படி ஆராய்ந்தனர். நீண்ட சுரங்கம் போன்ற அறைக்குள் தட்டு வண்டிகள் நகரும். எதிர்ப்புறமிருந்து வெப்பக் காற்று வீசும். ஈரப் பழம் முதலில் குறைந்த சூட்டைச் சந்திக்கும், ஏறக்குறையக் காய்ந்த பிறகே அதிகச் சூட்டை அடையும். தொடக்கத்திலேயே சூடு மிகுந்தால் மேல்தோல் இறுகி, உள்ளே இருக்கும் ஈரம் சிறைப்பட்டுவிடும். வாரக்கணக்கான வேலை ஒரு நாளில் முடிந்தது.

பின்னர் தோப்புகள் போய் மின்னணுத் தொழிற்சாலைகள் வந்தன. 1965ஆம் ஆண்டுக் குடியேற்றச் சட்டத்துக்குப் பின் நம்மவர்களும் வந்து சேர்ந்தார்கள். ப்ரூன் சாகுபடி வடக்கே யூபா நகர்ப் பக்கம் போயிற்று. அங்கே அதைப் பயிரிடுவோரில் பஞ்சாபியர் பலர்.

வீட்டுக்கான சிறு டிஹைட்ரேட்டர்கள் 1970களில் அமெரிக்கக் கடைகளில் பரவின. அவற்றில் இரண்டு விதம் உண்டு. வட்டத் தட்டுகளை அடுக்கி, அடியிலோ மேலேயோ விசிறி வைத்தது ஒன்று. விலை குறைவு, ஆனால் தட்டுகளை அடிக்கடி இடம் மாற்ற வேண்டும். பின்புறம் விசிறி வைத்த பெட்டி மற்றொன்று. எல்லாத் தட்டிலும் காற்று ஏறக்குறையச் சமமாகப் படும். வடாத்துக்குப் பின்னதே மேல். சூட்டை மாற்றும் குமிழ் இல்லாத பெட்டியை எவ்வளவு மலிவானாலும் வாங்கவேண்டாம்.

வெளியே காயவைக்க 85 டிகிரி பாரன்ஹீட்டாவது வெப்பமும், 60 சதவிகிதத்துக்குக் குறைந்த ஈரப்பதமும் வேண்டும் என்பது இந்நாட்டு வல்லுநர் கணக்கு. ஸான் ஹோஸேயில் கோடைநாள் பலவற்றில் இது கிட்டும். அங்கே தோட்டம் உள்ளவர்க்குப் பெட்டி அவசியமில்லை. நியூஜெர்ஸியிலும் ஹூஸ்டனிலும் கோடைப் புழுக்கத்தில் வடாம் காய்வதற்குள் புளித்துவிடும். அங்கே பெட்டியே துணை.

வடாம் கூழைத் தட்டின் வலையில் ஊற்றினால் ஒழுகும். பெட்டியுடன் கிடைக்கும் பிளாஸ்டிக் விரிப்பின் மேல் இடவேண்டும். 125 டிகிரியில் தொடங்கி, மேற்புறம் காய்ந்ததும் திருப்பிப் போடலாம். மோர்மிளகாய்க்கு மட்டும் அவசரம் ஆகாது. பகலில் உலர்த்தி, இரவில் மீண்டும் மோரில் ஊறப்போட்டு, மோர் தீரும்வரை சில நாட்கள் இப்படியே செய்யவேண்டும். ஒரே மூச்சில் உலர்த்தினால் மிளகாயில் காரம் இருக்கும், மோர் இராது. பெட்டிக்குள் வெயிலொளி இல்லாததால் மிளகாய் அவ்வளவாக வெளுக்காது, அது குறையன்று. மிளகாய் காயும்போது வீடே இருமும் என்பதால் பெட்டியைக் கராஜில் வைப்பது உத்தமம்.

ஒடித்தால் படக்கென்று ஒடியவேண்டும். சூடு முழுதும் ஆறிய பிறகே டப்பாவில் அடைக்கலாம். இல்லையேல் உள்ளே வியர்த்துப் பூஞ்சணம் பிடிக்கும். முதல் வாரம் தினமும் கண்ணாடி ஜாடியைக் குலுக்கிப் பார்த்து, ஈரம் தெரிந்தால் மறுபடி இரண்டு மணி நேரம் பெட்டியில் வைத்து எடுக்கலாம்.